மில்லர் சுட்டது சரியா? அறிவியல் புனைவுத் தொடரை வைத்து விவாதக் கூட்டம் நடத்தும் முறை

பெங்களூரில் தமிழ் பேசும் ரசிகர்கள் எட்டுப் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடி, பார்த்த தொடரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் கலகலப்பாகத்தான் போகும். பிறகு யாராவது ஒருவர் "ஹோல்டன் சரியான முட்டாள்" என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் "நீங்க மூணாவது சீசனை ஒழுங்கா பாக்கல" என்பார். அதற்கு மேல் பேச்சு தொடரைப் பற்றியதாக இருக்காது. கூட்டம் இப்படித் திசைமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் கேள்விதான். ஒரு பாத்திரத்தையே மொத்தமாக எடைபோடச் சொல்லும் கேள்விக்கு அவரவர் விருப்புவெறுப்பைத் தவிர வேறு பதில் கிடையாது. அந்தப் பாத்திரம் எடுத்த ஒரு முடிவை, அது எடுக்கப்பட்ட நிமிடத்தில் நிறுத்தி எடைபோட்டால் மணிக்கணக்கில் பேசலாம், புதிதாக ஏதாவது தெரிந்துகொண்டும் எழுந்து போகலாம்.

கீழே சொல்லும் முறை எந்த அறிவியல் புனைவுத் தொடருக்கும் பொருந்தும். எடுத்துக்காட்டுகள் எல்லாம் தி எக்ஸ்பான்ஸ் என்ற ஆங்கிலத் தொடரிலிருந்து. மேலே சொன்ன ஹோல்டன் அதன் நாயகன். 2015 டிசம்பர் முதல் 2022 ஜனவரி வரை 6 சீசன், மொத்தம் 62 எபிசோட். முடிந்துபோன தொடர் என்பதால் சாட்சியங்கள் இனி மாறப்போவதில்லை. பூமி, செவ்வாய், சிறுகோள் பட்டை என்று மூன்று தரப்புக்கும் அவரவர் நியாயம் இருப்பதால் விவாதத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆறு சீசனின் முக்கியத் திருப்பங்களும் இதில் வெளிப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கேள்வியைச் செதுக்குவது

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே கேள்வியை முடிவு செய்யுங்கள். நல்ல கேள்வியில் நான்கு விஷயம் இருக்கும்: யார், எந்தக் கணத்தில், என்ன செய்தார், வேறு என்ன செய்திருக்க முடியும்.

"ஹோல்டன் நல்லவரா?" என்பது கேள்வியே அல்ல. "கேன்டர்பரி கப்பல் அழிந்த பிறகு, செவ்வாயின் போர்க்கப்பல் தன்னை நோக்கி வரும்போது, கையில் ஒரே ஒரு செவ்வாய்க் கருவியைத் தடயமாக வைத்துக்கொண்டு சூரிய மண்டலம் முழுக்கக் கேட்கும்படி ஹோல்டன் ஒலிபரப்பியது சரியா?" என்று கேளுங்கள். ஒலிபரப்பினால் தங்கள் உயிருக்குக் காப்பு. ஒலிபரப்பியதால் சிறுகோள் பட்டையில் மக்கள் வாழும் சீரஸில் கலவரம், பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே போர்ப் பதற்றம். இரண்டு தட்டிலும் கனம் இருக்கிறது.

ரசிகர்கள் கேட்பதெல்லாம் மூன்று வகைக்குள் அடங்கும். முதல் வகை, முடிவு பற்றியது: ஒருவர் செய்தது சரியா. இரண்டாவது, சாத்தியம் பற்றியது: இவ்வளவு சீக்கிரம் அங்கே போக முடியுமா, அந்தச் செய்தி அவருக்கு எப்படி எட்டியது. மூன்றாவது, எழுத்து பற்றியது: இந்தப் பாத்திரத்தை ஏன் இப்படி முடித்தார்கள். ஒரே கூட்டத்தில் மூன்றையும் கலந்தால் ஒன்றுகூட முடியாது. முடிவு பற்றிப் பேசும்போது ஒருவர் "அதெல்லாம் எழுத்தாளர்களுக்கு வேறு வழி இல்லாததால் வைத்தது" என்றால் அந்த விவாதம் அங்கேயே செத்துப்போகும், ஏனென்றால் அந்தப் பதில் எல்லாக் கேள்விக்கும் பொருந்தும். எனவே அழைப்பிலேயே இது எந்த வகைக் கேள்வி என்று எழுதிவிடுங்கள்.

ஐந்தாவது சீசன் முடிவில் ஹோல்டன் கப்பலின் ஓட்டுநர் அலெக்ஸ் கமால் இறப்பது நல்ல எடுத்துக்காட்டு. கதைக்குள் அது மிகை முடுக்கத்தால் வந்த பக்கவாதம். கதைக்கு வெளியே, அந்த நடிகர் அடுத்த சீசனில் இருக்கப்போவதில்லை என்ற தயாரிப்பு முடிவு. தொடருக்கு மூலமான நாவல்களில் அலெக்ஸ் அப்போது இறப்பதில்லை. இதை முடிவு வகைக் கேள்வியாக எடுத்தால் வீண். எழுத்து வகையாக எடுத்து, "கொடுக்கப்பட்ட நெருக்கடியில் இந்த மரணத்தைக் கதையோடு எவ்வளவு நன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள்?" என்று கேட்டால் பேச விஷயம் இருக்கிறது.

பட்டிமன்றம் வேண்டாம், வழக்காடு மன்றம் போதும்

நமக்கு விவாத மேடை புதிதல்ல. காரைக்குடியில் 1939-ல் தொடங்கிய கம்பன் கழக மேடைகளில் வாலி வதம் சரியா தவறா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். ஆனால் இன்று பட்டிமன்றம் என்றதும் நினைவுக்கு வருவது இரண்டு அணி, கைதட்டல் வாங்கும் துணுக்குகள், கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் மனம் நோகாத ஒரு தீர்ப்பு. அந்த வடிவம் பார்வையாளர்களுக்காக ஆனது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் அறையில் பார்வையாளர் யாரும் இல்லை. குற்றச்சாட்டு, எதிர்வாதம், சாட்சி, குறுக்கு விசாரணை என்று போகும் வழக்காடு மன்றம்தான் இங்கே பொருந்தும்.

கம்பனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அம்பு பட்டு விழுந்த வாலியை அவன் சும்மா சாகவிடவில்லை. இராமனை நேருக்கு நேர் கேள்வி கேட்க நீண்ட இடம் கொடுத்தான். அதனால்தான் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. உங்கள் கூட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்காகப் பேச ஒருவரை நியமியுங்கள். சீரஸில் காவலராக இருந்த மில்லர், ஈராஸ் என்ற சிறுகோளின் மக்கள்மேல் சோதனை நடத்திய விஞ்ஞானி டிரெஸ்டனைச் சுட்டது பற்றிப் பேசினால், டிரெஸ்டனுக்காக வாதாட ஓர் ஆள் கண்டிப்பாக வேண்டும். அவர் ஒரு லட்சம் பேர் சாவுக்குக் காரணமானவர்தான். அவர் பக்கம் பேச ஆளில்லாவிட்டால் அந்த அறையில் இருந்தவர்கள் ஏன் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்பதே விளங்காது.

தெரிந்தது, ஊகித்தது, தெரியாதது

முழு வேலையிலும் அதிக உழைப்பு கேட்பது இதுதான். இதைச் செய்யாமல் கூட்டம் போடுவதைவிடப் போடாமல் இருப்பது நல்லது.

ஓர் ஏ4 தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில், அந்தக் கணத்தில் அந்தப் பாத்திரத்துக்கு உறுதியாகத் தெரிந்தவை. இரண்டாவதில், அவர் ஊகித்திருக்கக் கூடியவை. மூன்றாவதில், அவருக்குத் தெரியாமல் பார்வையாளராகிய நமக்கு மட்டும் தெரிந்தவை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே சீசன், எபிசோட், காட்சி எழுத வேண்டும். காட்சி எழுத முடியாத வரியை அடித்துவிடுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து வரி போதும். இருபதைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

மில்லர் வழக்குக்கு அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். சம்பவம் நடப்பது சீசன் 2, எபிசோட் 2, டிரெஸ்டன் குழுவின் ஆய்வகமான தோத் நிலையம்.

மில்லருக்குத் தெரிந்தவை: ஈராஸில் மக்களைக் கதிர்வீச்சு ஆபத்து என்று சொல்லிப் பாதுகாப்பு அறைகளுக்குள் அடைத்து, அங்கேயே கதிர்வீச்சுக்கு உள்ளாக்கினார்கள், அதை அவர் கண்ணால் பார்த்தார், அவரும் ஹோல்டனும் அந்தக் கதிர்வீச்சில் மாட்டினார்கள். தான் தேடி வந்த ஜூலி மாவ் அங்கே பிணமாகக் கிடந்தார். புரோட்டோமாலிக்யூல் சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து பூமியைக் குறிவைத்து அனுப்பப்பட்டு சனிக் கோளிடம் மாட்டிக்கொண்ட பொருள் என்று டிரெஸ்டனே சற்றுமுன் விளக்கினார். டிரெஸ்டன் கையில் ஆயுதம் இல்லை, நிலையம் பட்டை மக்களின் தலைவர்களில் ஒருவரான ஃப்ரெட் ஜான்சனின் ஆட்கள் கையில்.

ஊகித்திருக்கக் கூடியவை: ஃப்ரெட் ஜான்சன் இந்த ஆளைப் பயன்படுத்திக்கொள்ள நினைக்கலாம். இவரை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்பதே தெளிவில்லை. பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் தப்பிப்பதை சீரஸில் காவலராக இருந்தபோதே மில்லர் நிறையப் பார்த்திருப்பார்.

மில்லருக்குத் தெரியாதவை: அங்கிருந்த விஞ்ஞானிகளின் இரக்க உணர்வு செயற்கையாக அகற்றப்பட்டிருந்தது, இது அடுத்த எபிசோடில் அவர்களில் ஒருவரான கோர்ட்டசார் மூலம்தான் தெரிகிறது. ஈராஸ் தானாக நகரத் தொடங்கும். வியாழனின் துணைக்கோளான கேனிமீடில் இன்னொரு சோதனை நடக்கும்.

இந்தத் தாள் கையில் இருந்தால் பாதிச் சண்டை தானாக அடங்கிவிடும். "கோர்ட்டசாரைப் பாருங்கள், அவர்களெல்லாம் மனிதர்களே இல்லை, சுட்டது சரிதான்" என்று ஒருவர் கிளம்பினால், அது மூன்றாம் பத்தி என்று சுட்டிக்காட்டினால் போதும். மூன்றாம் பத்தியைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கடைசிக்கு முந்தைய எந்தச் சுற்றிலும் அதைத் தொடக் கூடாது. கடைசிச் சுற்றில் திறந்துவிடலாம்.

பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவைத் தீர்ப்பளிப்பதுதான் தொடர் விவாதங்களைக் கெடுக்கும் முதல் நோய். பட்டையின் தலைவர்களில் ஒருவரான ட்ரம்மர் விஷயத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். நான்காவது சீசனில் பிடிபட்ட பட்டைத் தீவிரவாதி மார்கோ இனாரோஸை என்ன செய்வது என்று பட்டையின் தலைவர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். ஆஷ்ஃபோர்ட் கொல்ல வேண்டும் என்கிறார். ட்ரம்மர் உயிரோடு விடும் பக்கம் வாக்களிக்கிறார். ஐந்தாவது சீசனில் அதே மார்கோ பூமியின் மேல் சிறுகோள்களை எறிகிறார். ஐந்தாவது சீசனைப் பார்த்து முடித்த யாரைக் கேட்டாலும் ட்ரம்மர் தப்பு செய்தார் என்பார்கள். நான்காவதை மட்டும் பார்த்தவர்களிடம் கேளுங்கள், அறை இரண்டாகப் பிரியும். கூட்டத்தில் இரண்டு வகை ஆட்களும் இருந்தால் அது பெரிய வரம். நான்காவது சீசனோடு நின்றவர்களை முதலில் பேசவிடுங்கள், பிறகு அவர்கள் சம்மதித்தால் மட்டும் மற்றதைத் திறங்கள்.

மாற்று வழி சொல்லாமல் குறை சொல்லக் கூடாது

இது ஒரே விதி, ஆனால் எல்லா விதியையும்விடப் பயனுள்ளது. "மில்லர் சுட்டிருக்கக் கூடாது" என்பவர், அடுத்த வாக்கியத்தில் வேறென்ன செய்திருக்க வேண்டும் என்றும், அதற்கு என்ன விலை என்றும் சொல்ல வேண்டும். கைது செய்து வைப்பதா? யாருடைய சிறையில்? ஃப்ரெட் ஜான்சன் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டால் மில்லர் எப்படித் தடுப்பார்? அதேபோல், "சுட்டது சரி" என்பவர் இழந்தது என்ன என்று சொல்ல வேண்டும். அந்தப் பொருளைப் பற்றி அதிகம் அறிந்த ஒரு வாய் மூடப்பட்டது. ஈராஸ் நகர ஆரம்பித்தபோது கேட்க டிரெஸ்டன் இல்லை.

ஹோல்டனின் கப்பலில் இருக்கும் பட்டைப் பெண் நயோமியின் வழக்கிலும் இதே விதி நன்றாக வேலை செய்யும். புரோட்டோமாலிக்யூல் மாதிரியை அழித்துவிட்டதாக ஹோல்டனை நம்பவைத்துவிட்டு ஃப்ரெட் ஜான்சனிடம் கொடுத்துவிட்டதாக இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில் ஒப்புக்கொள்கிறார். துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். பூமியிடமும் செவ்வாயிடமும் அந்தப் பொருள் இருந்து பட்டையிடம் மட்டும் இல்லாவிட்டால் பட்டை மக்களின் நிலை என்ன என்று கேட்டால் அந்தச் சொல் அவ்வளவு எளிதாக நிற்காது.

சாத்தியத்தைக் கணக்கிட்டுப் பேசுவது

இரண்டாவது வகைக் கேள்விகளுக்குக் கால்குலேட்டர் உள்ள ஒரு போன் போதும். மூன்று கணக்கு தெரிந்திருந்தால் பெரும்பாலான சந்தேகங்களைத் தீர்க்கலாம்.

முதலாவது, செய்தி போகும் நேரம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் ஒரு வானியல் அலகு, சுமார் 15 கோடி கிலோமீட்டர். ஒளியோ ரேடியோ அலையோ அதைக் கடக்க 8.3 நிமிடம். வானியல் அலகில் உள்ள தூரத்தை 8.3-ஆல் பெருக்கினால் ஒருவழி நேரம் நிமிடத்தில் கிடைக்கும். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே கோள்களின் நிலையைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். பூமிக்கும் சீரஸுக்கும் ஏறத்தாழ 13 முதல் 33 நிமிடம். பதில் வரவேண்டுமானால் இரட்டிப்பு. "அவசராலா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை நின்றிருக்குமே" என்று யாராவது சொல்லும்போது இந்த எண்ணை எடுத்து வையுங்கள். சண்டை பத்து நிமிடத்தில் முடியும் இடத்துக்குப் பூமி அரசின் அதிகாரியான அவர் சொல் அரைமணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேரும்.

இரண்டாவது, பயண நேரம். இந்தத் தொடரின் கப்பல்கள் பாதி வழி வேகம் கூட்டிக்கொண்டே போய், நடுவில் திரும்பி, மீதிப் பாதி வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகின்றன. அந்தக் கணக்குக்கு எளிய சூத்திரம்: தூரத்தை வானியல் அலகில் எடுத்து, முடுக்கத்தை ஜி அளவில் (பூமியின் ஈர்ப்பு 1 ஜி) எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2.9-ஆல் பெருக்கினால் நாள் கணக்கில் விடை வரும். 1 ஜி-யில் ஒரு வானியல் அலகு, சுமார் 3 நாள். மூன்றில் ஒரு பங்கு ஜி-யில் அதே தூரம், 5 நாள். அதே முடுக்கத்தில் 4 வானியல் அலகு போனால் 10 நாள். தூரம் நான்கு மடங்கானாலும் நேரம் இரண்டு மடங்குதான். இது தெரியாமல்தான் "சனிக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போனார்கள்" என்று பலர் குற்றம் கண்டுபிடிக்கிறார்கள். இவ்வளவு நாள் தொடர்ந்து எரியக்கூடிய எப்ஸ்டீன் எஞ்சின் சாத்தியமா என்பது வேறு கேள்வி. அதைத் தொடர் கேட்கும் ஒரே பெரிய சலுகையாக ஒப்புக்கொண்டு, மற்றதெல்லாம் அதற்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவது, சுழற்சி ஈர்ப்பு. சீரஸைச் சுழலவைத்து அதன் உட்புறத்தில் 0.3 ஜி ஈர்ப்பு உண்டாக்கியதாகக் கதை. உண்மையான சீரஸின் விட்டம் சுமார் 940 கிலோமீட்டர், மேற்பரப்பு ஈர்ப்பு 0.03 ஜி-க்கும் சற்றுக் குறைவு, ஒரு சுற்றுக்கு சுமார் 9 மணி நேரம். 0.3 ஜி வேண்டுமானால் 40 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும். அப்போது வெளியே தள்ளும் விளைவு அதன் சொந்த ஈர்ப்பைப் போல் பத்து மடங்குக்கு மேல். பாறையும் பனியுமான அந்த உடல் தாங்காது, சிதறும். ஆக இந்த இடத்தில் தொடர் தோற்கிறது. தோற்றதைத் தயங்காமல் சொல்லுங்கள். அதோடு, இதனால் எந்தப் பாத்திரத்தின் முடிவாவது செல்லாமல் போகிறதா என்றும் கேளுங்கள். போகாது. கதையின் எடை சீரஸில் தண்ணீருக்கும் காற்றுக்கும் விலை கொடுக்கும் மக்கள் மேல் இருக்கிறது. அறிவியல் பிழை வேறு, கதைப் பிழை வேறு என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே புதியவர்களுக்குப் புரியவைத்துவிடலாம்.

நாவல் படித்தவர்களை எங்கே உட்காரவைப்பது

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்பது நாவலையும் படித்த ஒருவராவது இருப்பார். அவர் அறிவு பெரிது. ஆனால் "புத்தகத்துல அப்படி இல்ல" என்ற ஒரே வரியால் மற்றவர்கள் வாயை அடைத்துவிடுவார். தொடர் மட்டுமே சாட்சி என்று முதலிலேயே அறிவியுங்கள். நாவல் ஒப்பீட்டுக்குக் கடைசிப் பதினைந்து நிமிடத்தை ஒதுக்குங்கள்.

"நாவல்தான் அசல், தொடர் நகல்" என்ற வாதம் இந்தத் தொடரைப் பொறுத்தவரை வலுவற்றது. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்பது டேனியல் ஆபிரகாம், டை ஃப்ராங்க் இருவரின் புனைபெயர். இருவருமே தொடரின் எழுத்துக் குழுவில் வேலை செய்தவர்கள். மாற்றங்களில் பல, அவர்களே இரண்டாவது முறை யோசித்தவை. நாவலில் ஆஷ்ஃபோர்ட் கிட்டத்தட்ட முழு வில்லன். தொடரில் அவர் பழைய கொள்ளையர், அறிவாளி, பின்னால் ட்ரம்மரின் தோழர். நாவலில் பல பாத்திரங்கள் செய்யும் வேலையைத் தொடரில் ட்ரம்மர் ஒருவரே சுமக்கிறார். ஈராஸின் மக்கள்தொகை நாவலில் 15 லட்சம், தொடரில் 1 லட்சம். அவசராலா நாவல் வரிசையில் இரண்டாவது புத்தகத்தில்தான் வருகிறார், தொடரிலோ முதல் எபிசோடிலேயே ஒரு பட்டைவாசியைப் பூமியின் ஈர்ப்பில் தொங்கவிட்டு வதைக்கும் ஆளாக அறிமுகமாகிறார். இப்படி ஒரு வேறுபாட்டை எடுத்து, இதனால் பாத்திரத்தின் பொறுப்பு கூடியதா குறைந்ததா என்று கேட்டால் நாவல் வாசகரின் அறிவு எல்லோருக்கும் பயன்படும்.

ஆறாவது சீசனில் வெறும் 6 எபிசோட்தான். லகோனியா என்ற கோளின் கிளைக்கதை தொங்கலில் நிற்கிறது. அதன் தொடர்ச்சி கடைசி மூன்று நாவல்களில் இருக்கிறது, அங்கே கதை சுமார் முப்பது ஆண்டு தாவிவிடுகிறது. இதைப் பற்றிய மனக்குறையை எழுத்து வகைக் கூட்டம் ஒன்றுக்கு ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கூட்டத்திலும் தலைகாட்டும்.

இடமும் கருவிகளும்

எட்டு முதல் பத்துப் பேர் சரியான அளவு. பன்னிரண்டைத் தாண்டினால் மூலையில் தனிப்பேச்சு ஆரம்பிக்கும். அப்போது இரண்டு வட்டமாகப் பிரித்து ஒரே கேள்வியைக் கொடுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்தும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் ஆட்கள் வரவேண்டும் என்றால் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு இருப்பது முக்கியம். ஊதாப் பாதையில் அல்சூர், இந்திராநகர் பக்கம் பலருக்கும் நடுவாக அமையும். அடுக்குமாடி வீடு என்றால் வருபவர்களின் பெயரையும் வண்டி எண்ணையும் காலையிலேயே வாயிற்காவல் செயலியில் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் நான்கு மணிக்கு வரவேண்டியவர்கள் வாயிலில் இருபது நிமிடம் நிற்பார்கள். ஞாயிறு நான்கு மணிக்குத் தொடங்கி ஆறேகாலுக்கு முடியுங்கள். எட்டு மணிக்கு மேல் திரும்பிப் போகும் கூட்டத்துக்கு அடுத்த முறை பாதிப் பேர்தான் வருவார்கள்.

காட்சிகளைத் திரும்பப் போட்டுப் பார்க்கத் தொலைக்காட்சியிலேயே உள்ள செயலியைப் பயன்படுத்துங்கள். கணினித் திரையைக் காணொளி அழைப்பில் பகிர்ந்தால் நகல் தடுப்பு காரணமாகப் படம் கறுப்பாகவே தெரியும், ஒலி மட்டும் வரும். பழைய எச்டிஎம்ஐ மாற்றிகளிலும் இதே தொல்லை. வேண்டிய எபிசோடை ஒரு டேப்லெட்டில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள், மழைநாளில் இணையம் போனால் உதவும். மொத்தம் நான்கு காட்சி, ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள். அதற்கு மேல் போட்டால் எல்லோரும் பார்ப்பதில் மூழ்கிவிடுவார்கள், விவாதம் நின்றுவிடும். முழு எபிசோடையும் அடுக்குமாடியின் பார்ட்டி ஹாலில் பெரிய திரையில் போட நினைக்காதீர்கள். வீட்டுச் சந்தா தனிப்பட்ட பார்வைக்கு மட்டுமே.

சப்டைட்டில் கண்டிப்பாக ஓடவேண்டும். பட்டை மக்களின் பேச்சை நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தொடருக்கென்றே உருவாக்கினார். காதால் மட்டும் கேட்டுவிட்டு "அவர் அப்படிச் சொன்னார்" என்று வாதாடினால் பாதி நேரம் தவறாக இருக்கும்.

சுற்றுகள்

மூன்று பேருக்கு வேலை கொடுங்கள்: நடுவர், நேரம் பார்ப்பவர், சாட்சி காப்பவர். ரிமோட் சாட்சி காப்பவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். வேறு யார் கையிலும் இருந்தால் காட்சி தேடுவதிலேயே மாலை போய்விடும்.

தொடங்குவதற்கு முன் எல்லோரும் துண்டுச் சீட்டில் 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதிப் போடட்டும். 0 என்றால் முழுத் தவறு, 10 என்றால் முழுச் சரி. பெயர் வேண்டாம், அவரவர் எண் அவரவருக்கு நினைவிருந்தால் போதும். கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். தூக்கிய கையைக் கீழே இறக்க யாருக்கும் மனம் வராது. பிறகு மூன்று பத்தித் தாளை நடுவர் உரக்கப் படித்து, ஆட்சேபம் இருந்தால் அங்கேயே திருத்துவார். இதற்குப் பதினைந்து நிமிடம். முதல் சுற்றில் பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். இடைவெளியில் ஃபில்டர் காபி, அய்யங்கார் பேக்கரி காரா பன், காங்கிரஸ் கடலை. அதன் பிறகு அரைமணி நேரம் குறுக்கு விசாரணை, கேள்வி முப்பது நொடி, பதில் ஒன்றரை நிமிடம். அடுத்த இருபது நிமிடம் பக்கம் மாறிப் பேச வேண்டும். மில்லருக்காகப் பேசியவர் இப்போது டிரெஸ்டனுக்காக. இந்தச் சுற்றைத்தான் பலரும் தவிர்க்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்; தன் வாதத்தின் ஓட்டை எங்கே என்று மனதார ஒத்துக்கொள்வது இங்கேதான் நடக்கும். கடைசியாகச் சிவப்பு மைப் பத்தியைத் திறந்து இருபது நிமிடம். முடிவில் மறுபடி சீட்டு.

முதல் சீட்டில் எல்லா எண்ணும் 8, 9, 10 என்று வந்தால் கேள்வி ஒருபக்கச் சார்பானது. கேள்வியின் ஒரு நிபந்தனையை மாற்றிப் பாருங்கள்: டிரெஸ்டன் பேசவே தொடங்காத நிலையில் சுட்டிருந்தால்? ஃப்ரெட் ஜான்சன் அங்கே இல்லாதிருந்தால்? எண்கள் 3-க்கும் 7-க்கும் இடையே பரவினால் கேள்வி நன்றாக அமைந்துவிட்டது என்று பொருள். இறுதிச் சீட்டின் சராசரியைவிட, எத்தனை பேர் இரண்டு எண்ணுக்கு மேல் நகர்ந்தார்கள் என்று கேட்பதே பயனுள்ளது. நகர்ந்தவர்கள் எந்த வாதத்தால் நகர்ந்தோம் என்று ஒரு வரி சொல்லட்டும்.

கவனிக்க வேண்டிய சிக்கல்கள்

நம் வீடுகளில் வயது ஒரு பெரிய தடை. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, அப்பா வயதுள்ள ஒருவரை "சார், நீங்க சொல்றது தப்பு" என்று சொல்லத் தயங்குவாள். எனவே ஒவ்வொரு சுற்றிலும் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். பெரியவர் பேசிய பிறகு இளையவரை அழைத்தால் "அங்கிள் சொன்னதையே நானும்" என்பதுதான் கிடைக்கும்.

இன்னொன்று பெங்களூருக்கே உரியது. முதல் சீசனில் பனிக்கட்டி ஏற்றிவந்த கேன்டர்பரி அழிந்ததும் சீரஸில் தண்ணீர்த் தட்டுப்பாடு. பேச்சு அங்கே வந்ததும் யாரோ ஒருவர் காவிரியை எடுப்பார், கன்னட நண்பர்களும் அறையில் இருப்பார்கள். 2024 கோடையில் டேங்கர் தண்ணீருக்குக் காத்திருந்த அனுபவத்தை ஒப்பிடுவது நல்லது, பட்டை மக்களின் கோபம் சட்டென்று விளங்கும். இரு மாநில வழக்குக்குள் போனால் மில்லரும் ஹோல்டனும் காணாமல் போவார்கள், அறையில் இருக்கும் மனிதர்கள் தங்கள் ஊருக்காகப் பேசவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார்கள். நடுவர் தயங்காமல் அங்கே நிறுத்தவேண்டும்.

நடிப்பைப் பாத்திரத்தோடு குழப்புவதும் அடிக்கடி நடக்கும். அவசராலாவாக ஷோரே அக்தாஷ்லூவின் குரலைக் கேட்டால் அவர் சொல்வதெல்லாம் சரி என்றே தோன்றும். ஐயம் வந்தால் அந்த வசனத்தைத் தமிழில் எழுதி, உணர்ச்சியில்லாமல் வேறொருவர் படிக்கட்டும். வாதமாக நிற்கிறதா என்று அப்போது தெரியும். அவசராலா அந்தக் கைதியைத் தொங்கவிடும் காட்சியில் இதைச் செய்துபாருங்கள். அறையின் மதிப்பெண் இறங்குவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

யாராவது கோபத்தில் "நீங்க அப்படிப்பட்ட ஆளு" என்று ஆரம்பித்தால் நடுவர் அந்த வாக்கியத்தின் எழுவாயை மாற்றிச் சொல்லச் சொல்ல வேண்டும்: "நீங்க" இருந்த இடத்தில் "மில்லர்". பெரும்பாலும் அதுவே போதும்.

குறிப்பேடு

ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதிவையுங்கள்: கேள்வி, மூன்று பத்தித் தாளின் படம், இரண்டு முறை போட்ட சீட்டுகளின் எண்கள், நகர்த்திய வாதங்கள், தீராமல் நின்ற சந்தேகங்கள். தலைப்பில் "சீசன் 2 வரை" என்று பெரிதாகப் போடுங்கள், புதிதாகத் தொடர் பார்க்கத் தொடங்குபவர் எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வார். தீராத சந்தேகங்களின் பட்டியலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுங்கள். மில்லர் வழக்கு முடிந்த கூட்டத்தில் பெரும்பாலும் மிஞ்சுவது ஃப்ரெட் ஜான்சன்: டிரெஸ்டன் செத்த பிறகும் கோர்ட்டசாரை அவர் உயிரோடு வைத்துக்கொண்டாரே, அது எந்த வகை?